தூங்கா நகரத்தில் பெப்டைடு: கூட எதைச் சாப்பிடுவது, எதை விடுவது

மதுரை ஜிம்களில் இப்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி: “அண்ணே, பெப்டைடு போடுறேன். கூட என்ன சப்ளிமெண்ட் எடுக்கணும்?” பதிலுக்கு நாம் முதலில் கேட்க வேண்டியது, “ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுற? எத்தனை மணிக்குப் படுக்குற?” என்பதுதான். பாதிப் பேருக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். மருந்துக் கடையில் டப்பாவில் கிடைக்கும் ‘கொலாஜன் பெப்டைடு’ வேறு, ஊசியில் போடும் வளர்ச்சி ஹார்மோன் பெப்டைடு வேறு. முன்னது சாப்பாடு. பின்னது, அதாவது சிஜேசி-1295, இபாமொரெலின் போன்றவை, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டி, உடம்பின் சொந்த வளர்ச்சி ஹார்மோனைக் கூடுதலாக வெளியே தள்ளும் சரக்கு. சிஜேசி-1295, இபாமொரெலின் இரண்டுக்கும் தசை வளர்க்க என்று அனுமதி கிடையாது. புட்டியில் ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று ஒட்டியிருப்பது அதனால்தான். அமெரிக்காவில் 2010-ல் அனுமதி வாங்கிய, இதே வகையைச் சேர்ந்த டெசாமொரெலின்கூட எச்.ஐ.வி. நோயாளிகளின் வயிற்றுக் கொழுப்புக்கான மருந்து. குளிரில் வைக்க வேண்டிய பொடி சித்திரை வெயிலில் கூரியர் வண்டிக்குள் இரண்டு நாள் வெந்துவிட்டு வந்தால் புட்டிக்குள் என்ன மிஞ்சியிருக்கும் என்பதை விற்றவராலும் சொல்ல முடியாது. அதனால் ஊசியின் அளவு பற்றி இங்கே ஒரு வரியும் இருக்காது. தட்டில் விழுவது பற்றித்தான் பேச்சு.

‘எச்.ஜி.ஹெச்.’ (மனித வளர்ச்சி ஹார்மோன்) என்று மாத்திரையாகவும் வாயில் அடிக்கும் ஸ்பிரேயாகவும் விற்பதைத் தொடவே வேண்டாம். வளர்ச்சி ஹார்மோன் 191 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். வயிற்றுக்குள் போனால் அவித்த முட்டைக்கு என்ன கதியோ அதே கதிதான் அதற்கும்.

இனி ராத்திரிச் சாப்பாடு. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் வளர்ச்சி ஹார்மோன் இறங்கும். ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் அக்ரோமெகாலி நோயை உறுதி செய்ய, 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்கக் கொடுத்து ரத்தம் எடுப்பார்கள். நல்ல உடம்பில் ஹார்மோன் படுத்துவிடும், நோய் இருந்தால் படுக்காது. இரவு பதினொரு மணிக்கு ரெண்டு பரோட்டாவைச் சால்னாவில் பிய்த்துப் போட்டு, கையோடு விளக்குத்தூண் பக்கம் போய் ஒரு ஜிகர்தண்டாவையும் இறக்கிவிட்டுப் படுப்பவர், அந்தச் சோதனையை வீட்டிலேயே தினமும் நடத்திக்கொள்கிறார். நாளின் மிகப் பெரிய ஹார்மோன் அலை பகலில் வருவதில்லை. அது வருவது தூங்கிய முதல் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்து ஆழ்ந்த உறக்கத்தில். அந்த நேரத்துக்குச் சர்க்கரையும் இன்சுலினும் இறங்கியிருக்க வேண்டும். மாவுச்சத்து உள்ள கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டரை, மூன்று மணி நேரம் விடுங்கள். கடையை அடைத்துவிட்டுப் பத்தரைக்கு வீடு திரும்புகிறவர் அப்போது முட்டை, பன்னீர், கறி என்று புரதப் பக்கம் சாய்ந்து, சோற்றையும் தோசையையும் ஆறரை மணிக்கே முடித்துக்கொள்ளலாம். குடித்துவிட்டுப் படுத்தால் அந்த அலை தட்டையாகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்தைக் கெடுப்பதில் பரோட்டாவைவிட மோசமானது மாலை ஏழு மணிக்கு, பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கும் ‘ப்ரீ-ஒர்க்அவுட்’ பொடி. ஒரு ஸ்கூப்பில் 200 முதல் 300 மி.கி. காஃபின் இருக்கும். உடம்பில் அது பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். ஏழு மணிக்கு 300 என்றால் நள்ளிரவில் இன்னும் 150 மி.கி. ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். தூக்கம் வந்தாலும் ஆழமாக இருக்காது. அப்புறம் அதைச் சரிக்கட்ட மெலடோனின், அதற்கு மேல் மெக்னீசியம் என்று கடைக்காரர் கணக்கு நீளும். மாலையில் ஜிம்முக்குப் போகிறவர் காஃபின் இல்லாத பொடியை வாங்கலாம். வாங்காமலும் இருக்கலாம்.

சப்ளிமெண்ட் அலமாரியில் ‘ஜி.ஹெச். பூஸ்டர்’ என்ற பெயரில் நிற்பதில் முக்கால்வாசி ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம். இதன் புகழுக்கு ஒரு காரணம் உண்டு. ஆஸ்பத்திரியில் பிட்யூட்டரி வேலை செய்கிறதா என்று பார்க்க ஆர்ஜினைனை நரம்பு வழியாக, கிலோ எடைக்கு அரை கிராம், அதிகபட்சம் 30 கிராம் என்று ஏற்றுவார்கள். அதை வைத்து 500 மி.கி. மாத்திரையை விற்கிறார்கள். வாய் வழியாக 5 முதல் 9 கிராம் எடுத்தால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஹார்மோன் கொஞ்சம் ஏறும். அதற்கு மேல் போனால் வயிறு கலக்கும். ஆர்ஜினைனைவிட ஹார்மோனை அதிகமாக ஏற்றிவிடும், மூச்சு வாங்க இருபது நிமிடம் செய்யும் ஸ்குவாட். காசு மிச்சம்.

ஜிங்க் (துத்தநாகம்) விஷயத்தில்தான் தவறு அதிகம் நடக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரை ஆண்களுக்கு நாளுக்கு 17 மி.கி. நம் ஊர்ச் சோறு, பருப்பு, கம்பு எல்லாவற்றிலும் உள்ள ஃபைடேட் ஜிங்கைக் கட்டிப்போட்டுவிடுவதால், சைவம் மட்டும் சாப்பிடுபவருக்குக் குறைவது சகஜம். இட்லி மாவு புளிப்பதும் பயறு முளை கட்டுவதும் அந்தக் கட்டைத் தளர்த்தும். ஆட்டுக்கறி 100 கிராமில் 4 மி.கி. அளவுக்கு இருக்கும். எள்ளுப் பொடி இரண்டு ஸ்பூனில் ஒன்றரை மி.கி.கூடத் தேறாது. போதாதபோது மாத்திரை சரிதான். ஆனால் லேபிளில் இரண்டு எண் இருக்கும்: ஜிங்க் சல்ஃபேட் 220 மி.கி. என்றால் அதில் உள்ள ஜிங்க் வெறும் 50 மி.கி. உங்களுக்கு வேண்டிய எண் இரண்டாவது. நாளுக்கு 40 மி.கி.யைத் தாண்டக் கூடாது. ஜிங்க்கும் மெக்னீசியமும் கலந்த ‘இசட்.எம்.ஏ.’ டப்பாவில் 30, காலையில் போடும் மல்டிவைட்டமினில் 15. கூட்டினால் 45, அதோடு கறி, முட்டை. மாதக்கணக்கில் இப்படிப் போனால் உடம்பில் செம்பு குறையும், ரத்தசோகை வரும், கால் மரத்துப்போகும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், டீயோடு போட்டால் சேராது, இரும்பு, கால்சியம் மாத்திரைகளோடு போட்டால் ஒன்றை ஒன்று தள்ளும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தனியாகப் போடுவது நல்லது.

மெக்னீசியத்தில் எந்த உப்பு என்பதைப் பாருங்கள். ஆக்சைடு மலிவு, ஆனால் உடம்பில் சேர்வது குறைவு, கழிவறைக்கு ஓட வைப்பது அதிகம். சிட்ரேட், கிளைசினேட் பரவாயில்லை. 200 மி.கி. போதும். அதற்கு மேல் தூக்கத்துக்கு என்று ஏற்றிக்கொண்டே போவதில் பலன் இல்லை.

வைட்டமின் டி-யை மூச்சு முட்ட விளம்பரம் செய்கிறார்கள். 25-ஹைட்ராக்சி டி சோதனையில் 20-க்குக் கீழ் வந்தால் டாக்டர் வாரம் ஒன்று என 60,000 ஐ.யூ. எழுதுவார். அதைத் தினமும் ஒன்றாகப் போட்டு வந்தால் கால்சியம் எகிறி வாந்தி, மலச்சிக்கல், கடும் தாகம், கடைசியில் சிறுநீரகம். கொழுப்பில் கரைவது, ஆகவே பாலோடு அல்லது எண்ணெய் உள்ள சாப்பாட்டோடு விழுங்க வேண்டும்.

புரதம்தான் மொத்தச் செலவிலும் நியாயமானது. எடைப் பயிற்சி செய்கிறவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 கிராம் வரை பலன் தெரியும். 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். காலை மூன்று முட்டை 18 கிராம். மூன்று இட்லி, சாம்பார் சேர்த்து 9. பதினொரு மணிக்கு 50 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டல் செய்தால் 10. மதியம் 150 கிராம் கோழி நெஞ்சுக் கறி 33-க்கு மேல், சோறு 8. மாலை வே புரோட்டீன் ஒரு ஸ்கூப் 24. இரவு 100 கிராம் பன்னீர் 18. கூட்டிப் பார்த்தால் 120 வந்துவிடும், ‘பெப்டைடு சப்போர்ட்’ டப்பா எதுவும் வேண்டாம். சைவக்காரர் கறிக்குப் பதில் 60 கிராம் காய்ந்த சோயா உருண்டை போட்டால் 30 கிராம் வரும். பொடி வாங்கும்போது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் பாருங்கள். கலவையில் கிளைசின், டாரின் என்று தனியாகச் சேர்த்திருந்தால் அது நைட்ரஜன் சோதனையில் புரதக் கணக்கை ஊதிக் காட்டும் வேலை, டப்பாவைத் திருப்பி வைத்துவிடுங்கள். கொலாஜனில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலமே இல்லை, அதைப் புரதக் கணக்கில் எழுதாதீர்கள்.

கிரியேட்டின் 3 முதல் 5 கிராம், எந்த நேரத்திலும். ஆரம்பத்தில் அளவைக் கூட்டிப் போடும் ‘லோடிங்’ தேவையில்லை. பெப்டைடோடு அதற்குப் பகை ஒன்றும் கிடையாது. ஆனால் சிறுநீரகத்துக்காகப் பார்க்கும் ரத்தச் சோதனையில் கிரியேட்டினின் சற்று ஏறித் தெரியும். கிட்னி போச்சு என்று பயப்படும் முன் லேப்காரரிடமும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

இனி உப்பு. ஊசியில் போடும் பெப்டைடு சோடியத்தையும் தண்ணீரையும் உடம்பில் நிறுத்தும். முகம் உப்பி, மோதிரம் இறுகினால் பலர் அதைத் ‘தசை ஏறுது’ என்று எண்ணுவார்கள். கருவாடு, அப்பளம், ஊறுகாய் மூன்றும் ஒரே தட்டில் இருக்கும் நாட்களில் இது இரட்டிப்பாகும். சர்க்கரை நோய் உள்ளவர், குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருப்பவர், புற்றுநோய் வந்து தேறியவர், கர்ப்பிணிகள் இந்தப் பெப்டைடு பக்கமே போகக் கூடாது. இன்சுலின் எதிர்ப்பு கூடும், சர்க்கரை ஏறும். வளர்ச்சி ஹார்மோனைத் தூண்ட வாயில் போடும் எம்கே-677-க்கும் இதே கதை, கூடவே தாங்க முடியாத பசி வேறு.

ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்பட்ட வீரர் இவற்றைப் பார்க்கவே வேண்டாம். உலக ஊக்கமருந்து எதிர்ப்பு அமைப்பின் எஸ்2 பட்டியலில் இவை போட்டி நாளில் மட்டுமல்ல, எந்த நாளும் தடை. ‘பிள்ளை வளரணும்’ என்று பொடி தேடும் பெற்றோருக்கும் ஒன்று: நாலு வயதுக்கு மேல் வருடத்துக்கு 4 செ.மீ.கூட வளராவிட்டால் இடது மணிக்கட்டு எக்ஸ்ரேயோடு எண்டோகிரைனாலஜிஸ்டைப் பாருங்கள், ஜிம் பக்கம் கூட்டிப்போகாதீர்கள்.

சோதனைகள் பற்றி. ஹார்மோன் அலை அலையாக வருவதால் ஒரு தடவை எடுத்த ஜி.ஹெச். அளவு ஒன்றும் சொல்லாது. அந்த ஹார்மோனால் உடம்பில் உண்டாகி, நாள் முழுக்க ஏறக்குறைய சீராக இருக்கும் ஐ.ஜி.எஃப்-1 பாருங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்.பி.ஏ1சி, தைராய்டுக்கான டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 ஆகியவையும் தேவை, ஏனென்றால் வளர்ச்சி ஹார்மோன் ஏறும்போது தைராய்டுக் குறை வெளியே வரலாம். முடிக்கு என்று 5 அல்லது 10 மி.கி. பயோட்டின் போடுகிறவர் ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் தைராய்டு அளவு தப்பாக வந்து, இல்லாத நோய்க்கு மாத்திரை ஆரம்பமாகிவிடும்.

காலையில் எழும்போது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால், பக்கத்து மருந்துக் கடையில் பி12 ஊசி போட்டுக்கொண்டு அடுத்த வாரமும் பெப்டைடைத் தொடர்வதுதான் வழக்கமான தவறு. மணிக்கட்டில் வீங்கி நரம்பு நசுங்குகிறது, கார்ப்பல் டனல் என்பார்கள். செம்புக் குறையாகவும் இருக்கலாம். ஊசியையும் ஜிங்கையும் நிறுத்திவிட்டு, எந்தெந்த டப்பா எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொண்டு போங்கள்.