பச்சை விளக்கு எரிந்தது

இரத்மலானையில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் மின் பராமரிப்புப் பகுதியில் 2019இல் சேர்ந்தேன். எங்கள் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்குள் யாரும் மதிக்காத பொருள் ஒன்று உண்டென்றால் அது பவர் சப்ளைதான். 230 வோல்ட்டை வாங்கி 24 வோல்ட் நேரோட்டமாக்கித் தரும், செங்கல் அளவுப் பெட்டி. இயந்திரத்தை நிரல்படி இயக்கும் சிறு கணினியான பிஎல்சிக்கு ஒரு மரியாதை, மோட்டாருக்கு ஒரு மரியாதை. இதற்குப் பச்சை விளக்கு எரிந்தால் போதும், எல்லோரும் கடந்து போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் கடந்து போனேன்.

2022 தொடக்கத்தில் மா குழைக்கும் இயந்திரம் ஒன்றுக்குக் கிறுக்குப் பிடித்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஎல்சி நின்று, தானாகவே மறுபடி தொடங்கும். மா பாதி குழைந்தபடி கிடக்கும். சில நாள் ஒருமுறை, சில நாள் ஐந்து முறை. நான் நிரலில் பிழை தேடினேன். வெளியிலிருந்து வந்த ஒருவர் பிஎல்சியையே மாற்றச் சொல்லி, கேட்டவுடன் மேலாளர் கதிரையில் சாய்ந்துவிட்ட ஒரு விலையைச் சொன்னார். பவர் சப்ளையை அளந்து பார்க்காமல் இல்லை. மல்டிமீட்டர் 24.1 வோல்ட் காட்டியது, பச்சை விளக்கும் எரிந்தது. அத்தோடு அதைக் குற்றவாளிப் பட்டியலிலிருந்து விடுவித்துவிட்டேன். மூன்று வாரம் வீணாகியது.

எங்களோடு யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் இருந்தார், ஓய்வுக்கு இன்னும் சில மாதம்தான். “தம்பி, அந்த மீட்டர் ஆறுதலாகப் பார்த்துச் சொல்கிற சாமான். கண்ணிமைக்கும் நேரத்தில் நடப்பது அதற்குத் தெரியாது. அலைவுகாட்டியைக் கொண்டுவாரும்” என்றார். வோல்ட்டின் ஏற்ற இறக்கத்தைக் கணத்துக்குக் கணம் திரையில் வரைந்து காட்டும் கருவி அது. கொண்டுவந்தேன். வால்வுகளும், மோட்டார்களுக்கு மின் இணைப்புக் கொடுக்கும் கொன்டாக்டர்களும் ஒன்றாக இழுக்கும் கணத்தில் 24 வோல்ட் 17 வரை விழுந்து, சில மில்லி செக்கன்களில் எழும்பியது. எங்கள் பிஎல்சிக்குக் குறைந்தது 20.4 வோல்ட் வேண்டும். பாவம், அது ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது.

பவர் சப்ளையைக் கழற்றித் திறந்தோம். அண்ணை முதலில் என் கையைத் தட்டிவிட்டார். ஆளியை நிறுத்திய பிறகும் உள்ளீட்டுப் பக்கக் கொள்ளளவியில் 325 வோல்ட் வரை நிற்கக்கூடும். (மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் உறுப்பு; பாடப்புத்தகத்தில் கொள்ளளவி, வேலைத்தளத்தில் கெப்பாசிட்டர்.) அதை வடித்துவிட்டுப் பார்த்தால், வெளியீட்டுப் பக்கத்தில் இருந்த மூன்றின் தலையும் உப்பியிருந்தது. உள்ளே இருக்கும் திரவம் வெப்பத்தில் மெல்ல மெல்ல வற்றிப்போகும். 10 பாகை வெப்பம் கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. எங்கள் பெட்டியோ தகரக் கூரைக்குக் கீழே, அடுப்புப் பக்கத்துச் சுவரில் இருந்தது. விசிறியின் வடிகட்டியில் மா படிந்து, ரொட்டி சுடலாம் போல இருந்தது. போதாததற்கு, அழகாக இருக்கட்டும் என்று யாரோ வயர்ப் பாதையை பவர் சப்ளையின் தலைக்கு மேலேயே ஒட்டிப் பொருத்தியிருந்தார்கள். சூடான காற்று எந்த வழியால் போகும்?

அந்த மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை போனது. அப்போதுதான் இந்தச் சாமானின் இன்னொரு குணம் தெரிந்தது. ஆண்டுக்கணக்கில் நிறுத்தாமல் ஓடியவை, ஒருமுறை ஆறிவிட்டால் எழும்ப மறுத்தன. வற்றிய கொள்ளளவி சூட்டோடு சமாளித்துக்கொண்டிருக்கும், குளிர்ந்த நிலையில் தொடக்க உந்துதலைக் கொடுக்க அதற்குத் தெம்பு இருக்காது. மின்சாரம் வந்ததும் ஹேர் டிரையரால் சூடுகாட்டி எழுப்பிய காலையும் உண்டு. சிரிக்க வேண்டாம், வேலை செய்தது.

புதியது வாங்க டொலர் இல்லை. கோட்டை நிலையத்தில் இறங்கி, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கடை கடையாக ஏறி, 105 பாகை வெப்பம் வரை தாங்கும் என்று அச்சிட்ட கொள்ளளவிகளைத் தேடினேன். அச்சிட்டதெல்லாம் உண்மை என்று நம்பி வாங்கியதில் ஒரு கட்டு இரண்டு மாதத்திலேயே உப்பியது. ஜப்பானிலிருந்து வந்த பழைய இயந்திரத்தின் பவர் சப்ளை ஒன்றும் கிடைத்தது. அங்கே 100 வோல்ட் என்பதை மறந்து, எத்தனை வோல்ட் என்று தெரிவுசெய்யும் ஆளியைப் பார்க்காமல் 230 கொடுத்தவன் நான்தான். சத்தம் உணவகம் வரை கேட்டது.

நிலைமை சற்றுச் சீரானபின் நான்கு பெட்டிகளுக்கும் புதிய பவர் சப்ளை கேட்டு எழுதினேன். பழையவை பத்து ஆண்டுகளைத் தாண்டியவை. கணக்காளர் மூன்றுக்குக் கையெழுத்திட்டார். நான்காவதற்கு, “ஓடுகிற சாமானை ஏன் கழற்ற வேண்டும்?” என்று கேட்டார். பச்சை விளக்கு எரிகிறதே என்றும் சொன்னார். என்னிடம் கற்றுக்கொண்டதுதான்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொன்னார்கள், நாடு முழுவதும் மின்சாரம் போனது. மறுநாள் காலை ஒவ்வொரு பெட்டியாகத் திறந்துகொண்டு போனேன். மூன்றில் பச்சை எரிந்தது. நான்காவது இருட்டாகக் கிடந்தது. கணக்காளரைக் கையோடு கூட்டிவந்து காட்டினேன். குனிந்து உள்ளே பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“சனிக்கிழமை வரைக்கும் ஓடியதுதானே தம்பி?” என்றார்.