அப்பத்தாவின் பாதமும் 40 டோக்கன்களும்

சித்திரை மாதம் பத்து நாள் விடுப்பில் கானாடுகாத்தானுக்குச் சென்றிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அப்பத்தாவின் வலது உள்ளங்காலில் எலுமிச்சம்பழத்தின் பாதியளவுக்கு ஒரு கொப்புளம் இருப்பதைக் கண்டேன். நண்பகலில் வளவு முற்றத்துக் கல்லில் வற்றல் காயப் போட வெறுங்காலுடன் நடந்திருக்கிறார்கள். "வலிக்கலையா அப்பத்தா?" என்று கேட்டதற்கு, "வலிச்சாத்தானே தெரியும்ப்பா" என்றார்கள். பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர்கள் இப்படிச் சொன்னது, கொப்புளத்தைக் காட்டிலும் என்னை அச்சுறுத்தியது.

அவர்கள் வழக்கமாகக் காட்டும் தனியார் மருத்துவர் காரைக்குடியில் இருக்கிறார். ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவு, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அன்றிரவு 104 என்ற இலவச மருத்துவ ஆலோசனை எண்ணை அழைத்தேன். எடுத்தவர் வயது, நோய், காயத்தின் அளவு, காய்ச்சல் உண்டா, சுற்றிலும் சிவந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். கொப்புளத்தை உடைக்கக் கூடாது, சுத்தமான துணியால் தளர்வாக மூட வேண்டும், வெறுங்காலுடன் ஓர் அடிகூட நடக்க விடக் கூடாது, தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். இந்த எண்ணை நான் அதுவரை பயன்படுத்தியதில்லை. ஆனால் அன்றிரவு எங்களுக்குத் துணையாக இருந்தது அதுதான்.

தாமதிக்காமல் காட்டுவதுதான் கடினமாயிற்று. அந்த மருத்துவமனையில் காலை 6 மணிக்குத் தொலைபேசியில் பெயர் பதிய வேண்டும். ஒரு நாளைக்கு 40 டோக்கன். திங்கட்கிழமை 6 மணியிலிருந்து விடாமல் அழைத்தேன். 6.35க்கு இணைப்புக் கிடைத்தபோது, "இன்னைக்கு முடிஞ்சிருச்சு தம்பி, நாளைக்குப் போடுங்க" என்று கம்பவுண்டர் வைத்துவிட்டார். பொத்தான் செல்பேசியில் எண்களைத் தடவித் தடவி அழுத்தும் என் அப்பத்தா, நான் ஊரில் இல்லாத நாள்களில் இதை எப்படிச் செய்திருப்பார்கள்? கேட்டேன். செய்யவில்லை என்றார்கள். ஓராண்டாகப் பழைய சீட்டைக் கொடுத்தனுப்பி, மருந்துக் கடையிலிருந்து அதே மாத்திரைகளை வரவழைத்துச் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லோரும் சென்னையிலும் சிங்கப்பூரிலுமாக இருக்க, அறுபது தூண் வீட்டில் ஒருவர் மட்டும் இருக்கும் எங்கள் ஊர்களில் இது அரிதான செய்தி அன்று.

செவ்வாய்க்கிழமை நேரிலேயே போனேன். நேரில் வருபவர்களுக்கு வாசலில் ஒரு நோட்டு வைத்திருப்பார்கள் என்று கேள்விப்பட்டு, 5.30 மணிக்கு அங்கே நின்றேன். அதற்குள் நோட்டு நிறைந்திருந்தது. திரும்ப எண்ணியபோது, வரிசையில் பின்னால் நின்ற ஓர் அம்மா, "யாருக்குத் தம்பி, என்ன செய்யுது?" என்று விசாரித்தார். சொன்னேன். "இதைக் கம்பவுண்டர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார். நான் சொல்லியிருக்கவில்லை. இரண்டு நாளும் "டோக்கன் இருக்கிறதா" என்று மட்டுமே கேட்டிருந்தேன். அதற்கு "இல்லை" என்பதைத் தவிர அவரால் வேறென்ன சொல்ல முடியும்? மறுபடியும் சென்று, "சர்க்கரை நோயாளி, 78 வயது, உள்ளங்காலில் தீக்கொப்புளம், அந்த இடத்தில் உணர்ச்சி இல்லை" என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "பத்து மணிக்கு நேரா கூட்டிட்டு வாங்க, நம்பர் வேணாம்" என்றார். அவசரத்துக்கு அங்கே வழி இருந்தது. ஆனால் அப்படி ஒரு வழி இருப்பதாக எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மருத்துவர் புண்ணைச் சுத்தம் செய்து கட்டிய பிறகு, மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தில் பல இடங்களைத் தொட்டு, "தெரிகிறதா ஆச்சி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். வலது பாதத்தின் முன்பகுதி முழுவதும் தெரியவில்லை. நீண்ட நாள் சர்க்கரை மிகுந்திருந்தால் நரம்புகள் இவ்வாறு மரத்துப்போகும் என்றும், இனி நாள்தோறும் பாதத்தைக் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்றும் விளக்கினார். பிறகு, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மஞ்சள் பையைத் தலைகீழாகக் கொட்டினேன். பதினோரு அட்டைகள் விழுந்தன.

அவற்றைப் பிரித்து வைத்துக்கொண்டே வந்தவர் இரண்டு அட்டைகளைத் தனியே எடுத்தார். நிறம் வேறு, நிறுவனம் வேறு, பெயர் வேறு. பின்புறத்தில் பொடி எழுத்தில் இருந்த மூலப்பொருள் மட்டும் ஒன்று: சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிப்பிரைடு. ஒன்று இவர் எழுதியது. மற்றொன்று முன்பொரு முறை காய்ச்சலுக்காகச் சென்ற வேறொரு மருத்துவர் எழுதியது. ஓராண்டாக இரண்டையும் சேர்த்தே விழுங்கியிருக்கிறார்கள். உணவு தள்ளிப்போகும் விரத நாள்களில் முற்பகலில் வியர்த்துத் தலை சுற்றுவதாக அப்பத்தா அடிக்கடி சொல்வார்கள். விரதத்தால் வந்த களைப்பு என்று நாங்கள் எண்ணியிருந்தோம். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியதாக இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. இரவில், தனியாக இருக்கும் வீட்டில் அது நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அன்றிரவே ஒரு முழுத்தாளில் எழுதினேன். மாத்திரையின் கடைப்பெயர், அதன் கீழே மூலப்பொருளின் பெயர், எத்தனை மில்லிகிராம், காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, யார் எப்போது எழுதினார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. இப்படி எழுத ஒரு மணி நேரம்தான் ஆயிற்று. எப்போதோ செய்திருக்க வேண்டிய வேலை.

மாதாமாதம் யார் பார்ப்பது என்பது மிச்சமிருந்தது. என் விடுப்பு முடிய நான்கு நாள் இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையம் தடுப்பூசிக்கும் காய்ச்சலுக்கும் உரியது என்று எங்கள் வீட்டில் ஒரு நினைப்பு இருந்தது, அது தவறு. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அப்பத்தாவை ஆட்டோவில் அழைத்துச் சென்றேன். ஓ.பி. சீட்டு போட்ட இடத்தில் ஆதாரையும் செல்பேசி எண்ணையும் கேட்டார்கள். சிஸ்டர் இரத்த அழுத்தம் பார்த்து, விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார். நான் எழுதிய தாளை மருத்துவர் வாங்கிப் படித்து, அதிலிருந்தே தம் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். காசு எதுவும் வாங்கவில்லை. அங்கே கொடுத்த மாத்திரைகளில் மூலப்பொருளின் பெயரே பெரிதாக அச்சாகியிருந்தது. அரசு மருத்துவமனைகளுக்கு, 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை அப்பெயரிலேயே வாங்கி அனுப்புகிறது. ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்கும் ஆபத்து இதனால் பெரிதும் குறையும்.

"ஒவ்வொரு மாதமும் இவர்களை அழைத்து வர ஆள் இல்லை" என்று சொன்னதும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயரைச் சேர்த்தார்கள். 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய அத்திட்டத்தைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருந்தும், கேட்டால்தான் எங்கள் வீட்டு வாசலுக்கு வரும் என்பதை நான் உணர்ந்திருக்கவில்லை. இங்கும் அதே பாடம்தான்: என்ன வேண்டும் என்பதோடு, ஏன் வேண்டும் என்பதையும் சொன்ன பிறகே கதவு திறந்தது.

நான் கிளம்பிய பிறகு, அடுத்த மாதம் தன்னார்வலரான ஒரு பெண் வீட்டுக்கே வந்து, முகப்பில் உட்கார்ந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரைகளைக் கொடுத்துச் சென்றார். புண் ஆற ஐந்து வாரம் ஆயிற்று. கட்டு மாற்றக் காரைக்குடிக்குப் பக்கத்து வீட்டுச் சித்தப்பா அழைத்துச் சென்றார். தாளின் ஒரு படி அலமாரிக் கதவின் உட்புறத்திலும், ஒன்று சித்தப்பாவிடமும், ஒன்று என் செல்பேசியிலும் இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு நான் வீடியோவில் அழைக்கும்போது, அப்பத்தா முதலில் முகத்தைக் காட்டுவதில்லை, செல்பேசியைத் தாழ்த்தி, இரண்டு உள்ளங்கால்களையும் காட்டிவிட்டுத்தான், "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்கிறார்கள்.