அவர் எப்படிப் பாடினார்?

லண்டனில் ஒரு நாளிதழின் கலைப் பக்கத்துக்கு இரவில் பிரதி திருத்துவது என் வேலை. முழுக்கப் பாட்டாகவே நடக்கும் மேலைநாட்டு இசை நாடகமான ஓப்பரா முடிய இரவு பத்தரை ஆகிவிடும். விமர்சகர் ரயிலில் உட்கார்ந்தபடியே எழுதி அனுப்புவார். பக்கம் அச்சுக்குப் போவதற்குள் பெயர்களைச் சரிபார்த்து, நீளத்தைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'லா ட்ராவியாட்டா' ஓப்பரா என்றால் நான் முதலில் தேடுவது, அதன் நாயகி வயலெட்டாவாகப் பாடிய சொப்ரானோவின் (உச்சப் பெண்குரல் பாடகியின்) உடம்பைப் பற்றி ஏதாவது வரி இருக்கிறதா என்றுதான்.

அந்த மாதிரிப் பேச்சு, அந்த ஓப்பரா பிறந்த நாளிலேயே தொடங்கிவிட்டது. 1853 மார்ச் 6, வெனிஸின் லா ஃபெனிச்சே அரங்கு. வயலெட்டாவாகப் பாடிய ஃபானி சால்வினி-டொனாட்டெல்லி நாற்பதை நெருங்கியவர், பருத்த உடல்வாகு. காசநோயில் உருகிச் சாகும் இளம்பெண்ணாக அவர் நின்றபோது கூட்டம் சிரித்தது. நேற்றிரவு தோல்வி, குற்றம் என்னுடையதா பாடகர்களுடையதா, காலம் தீர்ப்புச் சொல்லும் என்று மறுநாள் வெர்டி தன் மாணவர் முத்சியோவுக்கு எழுதினார். இளமையான வேறு பாடகி வேண்டும் என்று அவரே முன்பு கேட்டிருந்தார். பாடகியை மாற்றுவதற்கான கெடு ஜனவரி நடுவோடு முடிந்துவிட்டதால் நிர்வாகம் மாற்றவில்லை.

ஆனால் அன்றிரவு முதல் அங்கத்துக்கு நல்ல கைதட்டல். ஃபானியின் அதிவேகப் பிருகாக்களை உள்ளூர் நாளிதழ் பாராட்டியே எழுதியது. தொண்டை கட்டியிருந்தது, உயர்ந்த ஆண்குரலில் பாடும் டெனர் கிராட்ஸியானிக்கு. தன் பாத்திரமே பிடிக்காமல் பாடியவர், நடுத்தர ஆண்குரலில் பாடும் பாரிடோன் வரேஸி. 1854 மே மாதம் அதே ஊரில், வேறு அரங்கில், மரியா ஸ்பெட்ஸியா பாடி ஓப்பரா வென்றது. இடையில் வெர்டி சில பகுதிகளைத் திருத்தியிருந்தார். இவ்வளவு இருந்தும் பழி ஃபானியின் உடம்பின் மேலேயே நின்றுவிட்டது. எனக்கு இது ஆறவே இல்லை.

பழங்கதை என்று விட்டுவிடவும் முடியாது. 2014இல் இங்கிலாந்தின் க்ளைண்ட்போர்ன் ஓப்பரா விழாவில் ஸ்ட்ராவுஸின் ஓப்பராவில் பாடிய அயர்லாந்து மெஸ்ஸோ (சொப்ரானோவைவிடச் சற்றுக் கீழான பெண்குரல்) டாரா எராட்டின் தோற்றத்தைப் பற்றி லண்டன் இதழ்கள் பலவும் எழுதியதைப் பார்த்துப் பாடகர்கள் கொதித்துப்போனார்கள்.

வயலெட்டாவைப் பற்றி எழுத விஷயமா இல்லை? முதல் அங்கத்துக்குப் பிருகா வேண்டும், இரண்டாவதுக்கு நெஞ்சைப் பிளக்கும் கனம் வேண்டும். மூன்றாவதில், கடந்த காலத்துக்கு விடைகொடுக்கும் 'அத்தியோ தெல் பஸ்ஸாத்தோ' பாட்டின் கடைசி உயர் சுரத்தை நூலிழைக் குரலில் பாட வேண்டும் என்று வெர்டியே குறித்திருக்கிறார். முதல் அங்க முடிவில் எல்லோரும் எதிர்பார்க்கும் உயர் ஈ-ஃப்ளாட் சுரமோ அவர் எழுதியதே அல்ல. அதைத் தொடவில்லை என்று குறை சொல்லும் பிரதி வந்தால் உடனே கேட்டுவிடுவேன்.

ஒருமுறை உடம்பைப் பற்றிய வரியோடு விமர்சனம் வந்தது. விமர்சகரை அழைத்து, இதை எடுத்துவிட்டால் அங்கே என்ன வைக்கலாம் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, மூன்றாம் அங்கத்தில் கடிதம் படிக்கும் இடத்தைச் சொன்னார். அங்கே பாட்டு கிடையாது, பேச்சுதான். அந்தப் பாடகி தாளைப் பார்க்கவே இல்லையாம். பலமுறை படித்து மனப்பாடமான கடிதம்போல ஒப்பித்தாராம். முடித்ததும் வரும் 'நேரம் கடந்துவிட்டது' என்பதற்கு மட்டும் குரல் உடைந்து உரத்ததாம். இதை ஏன் முதலிலேயே எழுதவில்லை என்றேன். இடம் இல்லை என்றார்.

மேடை அலங்காரத்தைப் பற்றிய பத்தியை வெட்டி இடம் கொடுத்தேன்.