கொச்சிக்கடைச் செவ்வாய்

கொழும்பு 13இல் செவ்வாய்க்கிழமை என்றால் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் பக்கம் அவசரமாகப் போக நினைக்கவே கூடாது. துறைமுகத்துக்கு வந்துபோகிற லொறிகள், ஆட்டோக்கள், நடைபாதையில் மெழுகுதிரி விற்கிறவர்கள், இதற்கெல்லாம் நடுவில் புகுந்து, வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். 2019 குண்டுவெடிப்புக்கு முன்னால் இப்படிப் பை திறக்கிற வேலை இருக்கவில்லை. இத்தாலியின் பாதுவா நகருக்கு வெளியே 1231 ஜூன் 13ஆம் திகதி இறந்துபோன அந்தோனியாரை அடக்கம் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை, அதனால் உலகம் முழுக்கவே அவருக்குச் செவ்வாய்தான் நாள். அவர் இறக்கும்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. சொரூபத்தில் பார்க்கிற முகமும் இளைஞனின் முகம்தான், கையில் குழந்தை இயேசு.

கொச்சிக்கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேராவது கத்தோலிக்கர் இல்லை என்று நான் சொன்னால் அது கணக்கு அல்ல, வரிசையில் நின்று பார்த்த அனுமானம். நெற்றியில் திருநீறோடு வருவார்கள், வெள்ளைச் சாரியில் சிங்களப் பாட்டிமார் வருவார்கள், சில நேரம் முஸ்லிம் பெண்களையும் கண்டிருக்கிறேன். பக்கத்திலேயே பொன்னம்பலவாணேசுவரர் கோவில் இருக்கிறது, கருங்கல்லில் கட்டிய பெரிய சிவன் கோவில். அங்கே விளக்கு வைத்துவிட்டு இங்கே வந்து மெழுகுதிரி கொளுத்துகிறவர்களுக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. குழப்பம் எங்களைப் போல ஞானஸ்நானம் வாங்கி, மறைக்கல்வி படித்து வளர்ந்தவர்களுக்குத்தான்.

என்னை அங்கே திரும்பக் கூட்டிப்போனதும் ஒரு சைவக்கார அக்காதான். எங்கள் தொடர்மாடியில் எங்களுக்கு மேல் வீடு, சொந்த ஊர் யாழ்ப்பாணம்.

2022இன் பொருளாதார நெருக்கடியைக் கொழும்பில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வரைக்கும் போனது. கேஸுக்கு ஒரு கியூ, பெற்றோலுக்கு ஒரு கியூ, மண்ணெண்ணெய்க்கு இன்னொன்று. அந்தக் காலத்தில்தான் ஒரு ராத்திரி அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கரண்ட் இல்லை, ஆகவே லிஃப்ட் இல்லை. எங்கள் மாடிப் பையன்கள் அவரை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து, நெஞ்சோடு சேர்த்து சாரத்தால் கட்டி, முன்னுக்கு இரண்டு பேர் பின்னுக்கு இரண்டு பேராகப் படிவழியே இறக்கினார்கள். நான் முன்னால் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே இறங்கினேன். அப்பாவின் இடது கை கதிரைக்கு வெளியே தொங்கி, ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் உரசிக்கொண்டே வந்தது. அவருக்கு அது தெரியவேயில்லை. கீழே ஆட்டோக்காரர் ஒருவர் கொஞ்சமாக வைத்திருந்த பெற்றோலில் எங்களை ஏற்றிக்கொண்டு போனார்.

உயிர் பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் உண்மையான இருட்டு. எழுதித் தந்த மருந்து ஒரு பார்மசியில் இருக்காது, அடுத்ததில் பாதிதான் இருக்கும். அப்பா வாயைத் திறந்தால் வார்த்தை குழறும், உடனே கோபம் வரும். நான் செபமாலையைக் கையில் எடுப்பேன், முதல் "அருள் நிறைந்த மரியே" செபமே பாதியில் நின்றுவிடும். கடவுள் இல்லை என்று தோன்றவில்லை. இருக்கிறார், ஆனால் எனக்கு அவரோடு கதைக்க ஒன்றுமில்லை, அவ்வளவுதான். விவிலியத்தில் 88ஆம் திருப்பாடல் என்று ஒன்று இருக்கிறது, மற்றப் புலம்பல் பாடல்கள் எப்படியாவது கடைசியில் ஒரு புகழ்ச்சிக்குத் திரும்பிவிடும், இது திரும்பாது, இருளிலேயே முடியும். அதை யாரோ தவறி உள்ளே விட்டுவிடவில்லை, தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு அந்நாளில் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அக்கா ஒரு செவ்வாய் காலையில் கதவைத் தட்டினார். தலை முழுகி, கையில் மெழுகுதிரிப் பக்கற்றோடு. எனக்குச் செபிக்க வருவதில்லை அக்கா என்றேன்.

"சும்மா வாரும் பிள்ளை. நீர் ஒண்டும் கேக்க வேண்டாம். நான் கேக்கிறன், நீர் பக்கத்தில நில்லும்."

போனோம். வரிசை மெதுவாகத்தான் நகரும். சொரூபம் கண்ணாடிக்குள் இருக்கிறது, 1822இல் கோவாவிலிருந்து வந்தது என்பார்கள். கூடவே புனிதரின் நாவின் ஒரு சிறு துண்டும் திருப்பண்டமாக இருக்கிறது. அவர் இறந்து முப்பது சொச்ச வருடங்களுக்குப் பிறகு கல்லறையைத் திறந்தபோது உடல் மண்ணாகியிருந்தும் நாக்கு மட்டும் அழியாமல் இருந்தது என்பது பாதுவாவின் பாரம்பரியம், பெரிய பிரசங்கி அல்லவா. எங்கள் ஆட்களுக்கு அந்தச் சரித்திரம் எவ்வளவு தெரியுமோ. கண்ணாடியைத் தொடுவதும் தொட்ட கையைப் பிள்ளையின் தலையில் வைப்பதும்தான் தெரியும். எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா ஒரு பாஸ்போர்ட்டைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார். இன்னொருவர் எக்ஸ்ரே உறையை. அக்காவின் முறை வந்ததும் அவர் குரலைத் தாழ்த்தவே இல்லை. அப்பாவின் பெயர், வருத்தம், எந்த மருந்து கிடைக்கவில்லை, அது எத்தனை மில்லிகிராம் என்பது வரைக்கும் வீட்டு ஆளிடம் சாமான் சொல்லிவிடுகிற மாதிரிச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது.

பிறகு பின்வரிசை வாங்கில் உட்கார்ந்தோம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, காலை எட்டே முக்கால் மணியளவில் குண்டு வெடித்தது இதே கூரைக்குக் கீழேதான். அன்று நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சியோன் தேவாலயத்திலும், கொழும்பின் பெரிய ஹோட்டல்களிலும் சேர்த்து 260க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். பாஸ்கா உடுப்போடு வந்த குழந்தைகள் அதில் எத்தனை. அடுத்த ஞாயிறு பொதுப் பூசை எங்கேயும் இல்லை, கர்தினால் வைத்த பூசையை டிவியில் பார்த்தோம், ஆனாலும் ஆட்கள் கொச்சிக்கடைக்கு வந்து பொலிஸ் தடைக்கு வெளியே தெருவில் நின்று மெழுகுதிரி கொளுத்தினார்கள். கடற்படையினர் திருத்திக் கொடுத்து, ஜூன் 12ஆம் திகதி, பெருநாளுக்கு முதல் நாள், கோவில் திறந்தது. இறந்தவர்களின் பெயர்கள் பொறித்த நினைவுக்கல் இருக்கிறது. அதன் முன்னால் நின்று நான் பெயர்களை வாசித்திருக்கிறேன், தமிழ்ப் பெயரும் சிங்களப் பெயரும் கலந்து வரும், ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வரும் இடத்தில் மேலே வாசிக்க முடியாது. அதற்கான நீதி இன்னும் முழுசாக வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மெழுகுதிரி கொளுத்தினால் அந்தக் கேள்வி அணைந்துவிடாது.

இந்தக் கோவிலே ஒரு இருட்டுக் காலத்தில்தான் ஆரம்பித்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருமாருக்கு இங்கே தடை. கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குரு வியாபாரி வேடத்தில் ஒளிந்து திரிந்தார், கடல் கரையை அரித்து வந்தபோது மீனவர்கள் அவரிடம் ஓடினார்கள், அவர் மணலில் சிலுவையை நட்டுச் செபித்தார், கடல் பின்வாங்கியது, அதைக் கண்டு ஒல்லாந்தர் அவரை அங்கேயே இருக்க விட்டார்கள். காலங்காலமாகச் சொல்லி வருகிற கதை இது. எனக்கு இதில் கடல் பின்வாங்கியதைவிட, பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தும் அந்த மீனவர்கள் அவரைக் காட்டிக்கொடுக்காமல் வைத்திருந்ததுதான் பெரிதாகத் தெரிகிறது.

அந்த வாங்கில் இருக்கும்போதுதான் கப்பர்நாகும் கதை ஞாபகம் வந்தது. மாற்கு நற்செய்தி, இரண்டாம் அதிகாரம். முடக்குவாதக்காரரை நான்கு பேர் தூக்கி வருகிறார்கள், கூட்டத்தில் வழியில்லை, கூரையைப் பிரித்துப் படுக்கையோடு கீழே இறக்குகிறார்கள். இயேசு "அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டு" என்று எழுதியிருக்கிறது. தூக்கி வந்தவர்களின் நம்பிக்கையை. படுத்திருந்தவர் என்ன நம்பினார், நம்பினாரா என்றே மாற்கு சொல்லவில்லை. மறைக்கல்வியில் இதைப் படம் வரைந்திருக்கிறோம், அந்த வரி மட்டும் கண்ணில் படவேயில்லை. பிளாஸ்டிக் கதிரையைப் பிடித்த பையன்களில் ஒருவன் முஸ்லிம். இப்போது என்னை இந்த வாங்குவரைக்கும் கொண்டுவந்தது ஒரு சைவ அக்கா. எனக்கு நம்பிக்கை இல்லாத நாளில் இவர்களுடையதை இயேசு கணக்கில் எடுத்துக்கொள்வார் என்றால், சரி, நான் கொஞ்சநாள் படுத்திருக்கலாம் என்று தோன்றியது. ஒளி என்று பெரிதாக ஒன்றும் அடிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி செபமாலையில் முதல் பத்து மணிகளைத் தாண்டினேன், அவ்வளவுதான்.

போக நினைக்கிறவர்களுக்கு: செவ்வாய்க் கூட்டம் பிடிக்காவிட்டால் வேறு நாளில் போங்கள், நிம்மதியாக உட்காரலாம். ஆனால் என்னைக் கேட்டால் செவ்வாய்தான். தனியாகச் செபிக்க முடிகிறவர்களுக்கு வீடே போதும், முடியாதவர்களுக்குத்தான் அந்த வரிசை. ஜூன் 13 பெருநாளுக்குத் தேர் வரும், அன்றைக்கு அந்தப் பக்கம் நிற்கவே இடம் இருக்காது. முடிந்தால் யாருக்காவது பாண் வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள், அந்தோனியார் பேரில் ஏழைகளுக்குப் பாண் கொடுப்பது பழைய வழக்கம்.

அப்பா இப்போது தடியூன்றி நடக்கிறார், திட்டுகிற அளவுக்குப் பேச்சும் திரும்பிவிட்டது. இடது கைதான் இன்னும் சரியாக வரவில்லை, தேநீர்க் கோப்பையைப் பிடித்தால் நடுங்குகிறது. அதைப் பற்றி அந்தோனியாரோடு எனக்கு இன்னும் வழக்கு இருக்கிறது, இந்தச் செவ்வாயும் போய்ச் சொல்லத்தான் போகிறேன், அக்கா மாதிரி மில்லிகிராம் கணக்கோடு.