பேதுரு கோயிலும் ஒரு கல்லறை வாசகமும்

போன ஞாயிறு கொழும்புக் கோட்டையில், கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டலுக்குப் பக்கத்திலிருக்கும் பரிசுத்த பேதுரு கோயிலுக்கு ஆராதனைக்குப் போயிருந்தேன். ஒல்லாந்த ஆளுநரின் மாளிகையாக இருந்து, ஆங்கிலேயர் காலத்தில் கோயிலாகி 1821இல் பிரதிஷ்டையான கட்டடம் அது. சுவரில் இருக்கும் நினைவுக் கற்களை வாசித்துக்கொண்டு நின்றபோது சித்தப்பா ஞாபகத்துக்கு வந்தார்.

சித்தப்பா கப்பலில் வேலை செய்தவர். ஜமைக்காவில் கிங்ஸ்டனில் கப்பல் நின்ற ஒரு நாள், துறைமுக வாயிலில் இருக்கும் போர்ட் ராயலுக்குப் போயிருக்கிறார். அங்கேயும் ஒரு பேதுரு கோயில், அதுவும் அங்கிலிக்கன் சபைதான். முற்றத்தில் லூயிஸ் கால்டி என்பவரின் கல்லறை வாசகத்தை அப்படியே ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தார். இப்போது அது என்னிடம் இருக்கிறது.

1692 ஜூன் 7 நிலநடுக்கத்தில், வெறும் மணல் மேல் கட்டியிருந்த அந்த ஊரின் பெரும்பகுதி, பழைய கோயிலோடு சேர்ந்து கடலுக்குள் போய்விட்டது. மணல் தண்ணீரோடு கலந்து கூழாகிவிட்டதுதான் காரணம். அன்றே ஏறக்குறைய 2,000 பேர் செத்தார்கள். கால்டியை நிலம் விழுங்கி, அடுத்த அதிர்ச்சியில் கடலில் வீசியதாம், படகு ஒன்று வந்து ஏற்றும்வரை நீந்தித் தப்பினாராம். 2004ஐப் பார்த்த நமக்கு இதைக் கதை என்று தள்ளிவிட மனம் வராது. இப்போதுள்ள கோயில் 1725-26இல் எழுந்தது. கால்டி 1739இல், 80 வயதில் இறந்தார்.

எனக்குத் தொண்டையில் சிக்குவது கல்லின் கடைசி வரி. எல்லோருக்கும் பிரியமானவராக வாழ்ந்தாராம். மதத்துக்காகப் பிரான்ஸை விட்டு வந்தவர் என்று சொல்கிற அதே கல், அவர் ஆப்பிரிக்க அடிமைகளை விற்ற வியாபாரி என்பதைச் சொல்லவில்லை. அவர் விற்ற மனிதர்கள் அந்த "எல்லோருக்கும்" என்பதில் இல்லவே இல்லை. சொந்த நாட்டில் துன்பப்பட்டு ஓடிவந்த ஒருவரால் எப்படி அதைச் செய்ய முடிந்தது என்று எத்தனை தரம் யோசித்தாலும் எனக்கு ஆறவில்லை.

எங்கள் வீடு கொம்பனித்தெருவில். ஆங்கிலத்தில் அதன் பெயர் 2022 வரை ஸ்லேவ் ஐலண்ட் என்றிருந்தது, ஒல்லாந்தர் தங்கள் அடிமைகளை வைத்திருந்த இடம். கோட்டைக் கோயில் சுவரில் நான் தேடியவரை அவர்களுக்கு ஒரு கல் கூட இல்லை. அடுத்த ஞாயிறு மகளையும் கூட்டிக்கொண்டு போய், அந்தக் கற்களை அவளோடு வாசித்துவிட்டு, ஆராதனை முடிந்ததும் அங்கிருந்து வீடு வரை நடந்தே வரப்போகிறேன்.