எட்டுச் சுவரும் ஒருவழியாகச் சேர்ந்தது

நாலு தடவை பிய்த்துப் போட்ட பிறகு, நேற்று ராத்திரி என் மாதிரியில் எண்கோணப் பீரங்கி மேடையின் எட்டுச் சுவரும் இடுக்கு விழாமல் சேர்ந்துவிட்டன. மூன்று வாரமாக இது ஒன்றுதான் வேலை.

நான் செய்வது எசெக்ஸில், கிழக்கு டில்பரி பக்கம் உள்ள பவ்வாட்டர்ஸ் பண்ணையின் விமான எதிர்ப்புப் பீரங்கித் தளம், 1:72 அளவில். 4.5 அங்குலப் பீரங்கிகளுக்காகப் போர்க்காலத்தில் கட்டியது. எனக்குப் பீரங்கி வேண்டாம், முள்புதர் ஏறிப் பாழாய்க் கிடக்கும் கான்கிரீட்தான் வேண்டும்.

தலைவலி கோணத்தில்தான். மூலைக்கு 135 டிகிரி என்றால் ஒவ்வொரு துண்டின் இரண்டு முனையும் 22.5 டிகிரி சாய வேண்டும். மொத்தம் 16 முனை, முனைக்கு அரை டிகிரி பிசகினாலே கடைசி மூலையில் 8 டிகிரி நிற்கும். 3 மில்லிமீட்டர் பிவிசி அட்டையில் கத்தி உள்ளே போகப் போக வளைகிறது. உட்பக்கம் கீறி மடித்துப் பார்த்தேன், வெளித்தோல் கிழிந்தது. மாமா ஆசாரி வேலை செய்பவர், சாய்வுக் கட்டை ஒன்று அறுத்துக் கொடுத்தார், அளந்தால் 24 டிகிரி! அவரிடம் சொல்ல முடியுமா? அப்புறம்தான் மண்டையில் ஏறியது, தாளின் மூலையை இரண்டு தரம் சரிபாதியாக மடித்தால் 22.5 தானே. அந்த மடிப்புக்குச் சரியாக மாமா கட்டையையே தேய்த்து, கண்ணாடி மேல் 240 உப்புத்தாள் ஒட்டி, முனைகளைக் கட்டையோடு சேர்த்து உரசினேன். எட்டையும் டேப்பில் வரிசையாகப் படுக்க வைத்துச் சுருட்டியதும் கப்பென்று மூடிக்கொண்டது.

மகன் வந்து பார்த்துவிட்டு, "எப்படியும் வாசலுக்கு ஒரு பக்கம் வெட்டத்தானே போறீங்க, இடுக்கை அங்க விட்டிருக்கலாமேப்பா" என்றான். கோணம் கெட்டால் எதிர்ச்சுவர்கள் இணையாக நிற்காது என்று விளக்கினேன். கேட்காமல் போய்விட்டான்.

பூச்சுக்குப் பிளாஸ்டரைப் ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் பழைய மங்கில்தான் கலக்குகிறேன், காய்ந்ததும் தட்டினால் உதிர்ந்துவிடும். நிறத்துக்கு இங்கிலாந்துப் படங்களைவிட இங்கே மலேசியாவில் பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்தகடு காயவைக்கும் புகைவீட்டுச் சுவர் உதவியது, அதே கருப்பு, அதே பாசி. அட்டை வாங்க மட்டும் சுங்கைப்பட்டாணி போக வேண்டும். இங்குள்ள கடைக்கார தவுக்கே மழையில் நனைந்ததை நல்லது என்று விற்கிறார்.

சுங்கைப்பட்டாணி விமானத் தளத்தில் 1941 டிசம்பர் 8இல் குண்டு விழுந்ததே, அதை 40 மில்லிமீட்டர் போபர்ஸ் பீரங்கி ஒன்றோடு அடுத்த மாதிரியாகத் தொடங்க மரப்பலகைகூட அறுத்தாகிவிட்டது. பவ்வாட்டர்ஸ் மேடையில் குண்டு அடுக்கும் மாடங்கள் இன்னும் பாக்கி.