எக்கோ எடுக்க மூன்று தடவை பாண்டிக்கு

ஒரே நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை. அம்மாவுக்கு எக்கோ (இதயத்தை ஸ்கேன் செய்து பார்ப்பது) எடுக்க கடலூரிலிருந்து பாண்டிக்கு மூன்று தடவை பஸ் ஏறினோம்.

மாடிப்படி ஏறினால் அம்மாவுக்கு மூச்சு வாங்கும், சாயங்காலமானால் கால் வீங்கும். மஞ்சக்குப்பத்தில் காட்டினோம். ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்த டாக்டர், "ஒரு சத்தம் கேக்குது, எக்கோ எடுத்துடுங்க" என்று எழுதிக் கொடுத்தார்.

முதல் பயணம் சுத்த வீண். விடியக்காலை பஸ் பிடித்துப் போய் டோக்கன் வாங்கி, எங்கள் முறை வரும்போது மணி பதினொன்று. கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பழைய ஈசிஜி எங்கம்மா?" என்றார். அது வீட்டு பீரோவில் இருக்கிறது. டாக்டர் சீட்டை நீட்டினேன். "இது வெளிச் சீட்டு, இங்க ஓபி போட்டு இங்க டாக்டர் எழுதணும். எக்கோ வியாழக்கிழமைதான்." இதை டோக்கன் கொடுக்கும்போதே சொன்னால் என்ன குறைந்துவிடும்? இதில் யாரோ சொன்னார்கள் என்று அம்மா வெறும் வயிற்றோடு வேறு வந்திருந்தார். மார்பின் மேல் வைத்து எடுக்கும் எக்கோவுக்குப் பட்டினி தேவையே இல்லை, தொண்டை வழியாகக் குழாய் விட்டு எடுப்பதற்குத்தான். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், முன்பக்கம் ஊக்கு வைத்த ரவிக்கை போட்டுக்கொண்டு போங்கள்.

வியாழக்கிழமை ஓபி, சீட்டு எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. எக்கோ அறைக்குள் என்னையும் விட்டார்கள். அம்மாவை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள், அப்போதுதான் இதயம் மார்புச் சுவரை ஒட்டி வருமாம். திரையைப் பார்த்தால் எல்லாம் தலைகீழ். ஆரிக்கிள் மேலே, வெண்ட்ரிக்கிள் கீழே என்று பத்தாம் வகுப்பில் வரைந்ததுதான் என் மனதில் இருந்த இதயம். இங்கே கூர்முனை மேலே நிற்கிறது, ஆரிக்கிள்கள் கீழே கிடக்கின்றன, இடது பக்க அறைகள் திரையின் வலப்புறம். முனைப் பக்கம் கருவியை வைத்துப் பார்ப்பதால் அப்படியாம்.

கலர் போட்டதும் இடது பக்கத்தில் நீலம் பாய்ந்தது, எனக்கு உயிரே போய்விட்டது. இடது பக்கம் நல்ல ரத்தம், சிவப்பு என்றுதானே படித்தோம்! டெக்னீஷியன் பெண் சிரித்துவிட்டார். "அக்கா, அது கெட்ட ரத்தம் இல்ல. கருவிய நோக்கி வந்தா சிவப்பு, விலகிப் போனா நீலம், அவ்ளோதான்."

ஆனால் அந்த நீலம் போகக் கூடாத இடத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்து, மருந்து பில்லின் பின்பக்கத்தில் நாலு கட்டம் போட்டுக் காட்டினார். உடம்பைச் சுற்றிய ரத்தம் இரண்டு பெருஞ்சிரைகள் வழியாக வலது ஆரிக்கிளுக்கு வரும், மூவிதழ் வால்வைத் தாண்டி வலது வெண்ட்ரிக்கிள், அங்கிருந்து நுரையீரல். ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு நான்கு சிரைகளில் இடது ஆரிக்கிளுக்குத் திரும்பும், அப்புறம் மிட்ரல் வால்வு, இடது வெண்ட்ரிக்கிள், அங்கிருந்து பெருந்தமனி. உடம்பு முழுக்கத் தள்ள வேண்டியிருப்பதால் இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிடச் சுமார் மூன்று மடங்கு தடிமன். ஒரு துடிப்புக்கு 70 மில்லி போல, நிமிடத்துக்கு 5 லிட்டர். அம்மாவுக்கு மிட்ரல் வால்வு சரியாக மூடவில்லை. முன்னே போக வேண்டியதில் கொஞ்சம் இடது ஆரிக்கிளுக்கே திரும்புகிறது, அது விரிந்துபோய், பின்னால் நுரையீரலில் ரத்தம் தேங்கி மூச்சு வாங்குகிறது.

ரிப்போர்ட் கையில் வர சாயங்காலமாகிவிட்டது. பஸ் அரியாங்குப்பம் தாண்டும்போது பிரித்துப் பார்த்தேன். மிட்ரல் வால்வில் மிதமான கசிவு, சரி. அடுத்த வரியில் 'வலது ஆரிக்கிள் விரிவு' என்று இருந்தது. பில்லைத் திருப்பி மறுபடி பார்த்தேன். இடது பக்க வால்வு ஒழுகினால் வலது ஏன் முதலில் விரிய வேண்டும்?

மூன்றாவது பயணம் அதற்காக. கவுன்டரில், "கம்ப்யூட்டர்ல வந்ததும்மா, மாத்த முடியாது" என்றார்கள். நானும் நகரவில்லை. அரை மணி நேரம் கழித்து அந்த டெக்னீஷியன் பெண்ணே வெளியே வந்தார், சேமித்து வைத்திருந்த படத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "இடதுதான்கா, டைப் பண்ணும்போது மாறிடுச்சு" என்றார். திருத்தி அச்செடுக்க இரண்டு நிமிடம். அதை வாங்கிக்கொண்டு போனால் சீல் இல்லை என்று டாக்டர் அறை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள், அது தனிக் கதை.

டாக்டர் முதலில் கேட்டது, சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று. வந்திருக்கிறது, அம்மாவே மறந்துபோயிருந்தார். அந்த ருமாட்டிக் காய்ச்சல்தான் வால்வைக் கெடுத்திருக்கலாமாம். இடது வெண்ட்ரிக்கிளில் நிறைந்த ரத்தத்தில் ஒரு துடிப்புக்குப் பம்ப் செய்யும் அளவு 60 சதவீதம் என்று ரிப்போர்ட்டில் இருந்ததைப் பார்த்து நான் சந்தோஷப்பட, "கசிவு இருந்தா அந்த நம்பர் நல்லாத்தான் காட்டும், பின்னாடி போறதும் அதுல சேர்ந்துடும்" என்றார். இப்போதைக்கு ஆபரேஷன் இல்லை. நீர் பிரிய ஒரு மாத்திரை, சாப்பாட்டில் உப்பைக் குறைக்க வேண்டும், ஆறு மாதம் கழித்து மறுபடி எக்கோ.

ஈசிஜி, ஓபி சீட்டு, திருத்திய ரிப்போர்ட், அந்த மருந்து பில் எல்லாம் இப்போது ஒரே பிளாஸ்டிக் கவரில் இருக்கின்றன. பீரோவில் வைக்கவில்லை, வாசல் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டேன்.